ஜமுக்காளம் சின்னதா இருந்தா? கம்ப்யூட்டர் மெமரி பற்றித் தெரிஞ்சுக்கலாம், வாங்க!



"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று நம்ம பாட்டிமார் சொல்வாங்க. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாத்தையும் அளந்து வாங்குகிறோம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கினால்கூட படிக்கணக்குப் பார்க்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கி, கடைக்காரர் சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயம் எங்களை மாற்றியது. அதையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ரசீது காப்பாற்றிய மானம்

எங்கள் கூட்டமைப்பில் 2018-இல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களின் கடன் தவணைப் பட்டியல், குழுக்களின் சந்தா, வங்கிக்கு அனுப்பும் விண்ணப்பம் எல்லாம் அதில்தான். 2023 வாக்கில் அது மெதுவாக ஆரம்பித்தது. 2024-இல் ரொம்ப மோசம். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு டீ குடித்து வந்தாலும் அது திறந்திருக்காது.

அந்த வருஷம் ஆடி மாதம், ஒரு குழுவைச் சேர்ந்த அக்கா கறவை மாட்டுக் கடனுக்கான தவணை 2,500 ரூபாயைக் கொண்டுவந்து கட்டினார். கணக்காளர் தங்கச்சி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். அன்றைக்கு வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர் கட்டினார்கள். இடையில் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தாள். வேறு வழியில்லாமல் பட்டனை அமுக்கி அணைத்தாள். திரும்பப் போட்டபோது கடைசியாக ஏற்றிய வரிகள் இல்லை. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் ஏற்றினாள். அவசரத்தில் ஒரு வரி விட்டுப்போனது. அது அந்த அக்காவின் வரி.

அடுத்த மாதம் தவணை பாக்கிப் பட்டியல் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அதில் அந்த அக்காவின் பெயரும் வந்தது. முப்பது பேர் நடுவில் அவர் எழுந்து நின்றார். சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்து நீட்டினார். "காசு கட்டிட்டேன் தாயி. ரசீது இருக்கு. ஆனா நான் பாக்கின்னு இத்தனை பேர் காதுல விழுந்துருச்சே, அதை எப்படி அழிப்பீங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தப்பு ஒரு வரி விட்டுப்போனதுதான். ஆனால் அதற்குக் காரணம் திரை உறைந்தது. திரை ஏன் உறைகிறது என்று ஒரு வருஷமாக யாரும் பார்க்கவில்லை. அதுதான் எங்கள் பெரிய தப்பு.

38,000 ரூபாய் கொட்டேஷன்

அடுத்த வாரமே டவுனில் இருந்து ஒருவரை வரவழைத்தோம். வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "பழசாயிடுச்சு மேடம். இதுல இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. புதுசா போட்டுடுங்க" என்று 38,000 ரூபாய்க்கு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். செயற்குழுவில் தீர்மானம் எழுதப் போகும் நேரத்தில் பொருளாளர் அக்கா குறுக்கிட்டார். "மாடு பால் குறைச்சா உடனே மாட்டையா மாத்துறோம்? தீவனம் என்ன, தண்ணி என்னன்னு முதல்ல பார்க்குறதில்லையா?" என்றார்.

நியாயமான கேள்வி. 38,000 ரூபாய் என்பது எத்தனை உறுப்பினர்களின் சந்தா! எங்கள் குழு ஒன்றில் உள்ள அக்காவின் மகன் பாலிடெக்னிக் படித்தவர். அந்தத் தம்பியைக் கூப்பிட்டோம். அவர் ஒரு காரியம் செய்தார். தானே எல்லாவற்றையும் செய்து முடிக்காமல், எங்களைச் செய்ய வைத்தார். "அடுத்த தடவை நான் ஊர்ல இருக்க மாட்டேன்க்கா. நீங்களே கத்துக்குங்க" என்றார். அன்று கற்றதுதான் இது.

மெமரி என்றால் என்ன?

நம்ம குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர், ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம் எல்லாம் பத்திரமாக இருக்கும். கூட்டம் ஆரம்பித்ததும் ஜமுக்காளம் விரிக்கிறோம். வேண்டிய நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜமுக்காளத்தில் பரப்பி வைத்து எழுதுகிறோம். கூட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

கம்ப்யூட்டரிலும் இதேதான்.

டிரங்குப் பெட்டி என்பது ஹார்டு டிஸ்க். கரண்ட் போனாலும் உள்ளே உள்ளது அப்படியே இருக்கும்.

ஜமுக்காளம் என்பது மெமரி. ரேம் என்று சொல்வதும் இதைத்தான். இப்போது நடக்கிற வேலை இதன் மேல்தான் நடக்கிறது. கரண்ட் போனால் ஜமுக்காளத்தைச் சுருட்டினது மாதிரி, அதில் இருந்தது எல்லாம் போய்விடும்.

கணக்கு எழுதுகிற கை என்பது பிராசசர்.

இப்போது ஜமுக்காளம் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோட்டுதான் விரிக்க முடியும். மூன்றாவது நோட்டு வேண்டும் என்றால், ஒன்றை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். திரும்ப முதல் நோட்டு வேண்டும் என்றால் மறுபடி பெட்டியைத் திறக்க வேண்டும். எழுதுகிற நேரத்தைவிட எடுத்து வைக்கிற நேரம் அதிகமாகிவிடும். மெமரி போதாத கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. மெமரியில் இடமில்லாததை ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைத்து, வைத்து, எடுக்கிறது. ஹார்டு டிஸ்க் மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் முன்பக்கம் உள்ள சின்ன விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும், திரை மட்டும் நகராது.

மெமரியை ஜிபி என்ற அளவில் சொல்வார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது 4 ஜிபி. வாங்கின காலத்தில் கணக்கு நோட்டு ஒன்றைத்தான் திறப்போம். அதற்கு அது போதும். இப்போது எக்செல் பட்டியல், வங்கிப் பக்கம், மெயில், வாட்ஸ்அப், வைரஸ் தடுப்பு என்று ஐந்தாறு வேலை ஒரே நேரத்தில். ஜமுக்காளம் அதேதான், நோட்டுதான் கூடிப்போச்சு.

முதலில் அளந்து பாருங்க

பணம் எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது, காசும் கிடையாது.

வழக்கமாகச் செய்கிற வேலைகளை எல்லாம் திறந்து வையுங்கள். பிறகு கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பட்டன்களையும் ஒன்றாக அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற சின்னப் பெட்டி திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற இடத்துக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலையில் இருக்கிறது என்று காட்டும்.

மெமரி 90-க்கு மேலேயே நிற்கிறதா? அப்படியானால் ஜமுக்காளம் போதவில்லை. மெமரி சேர்த்தால் பலன் தெரியும்.

மெமரி 50, 60-இல் இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-இலேயே நிற்கிறதா? அப்படியானால் மெமரி வாங்கிப் போட்டும் பெரிய பலன் இராது. பழைய ஹார்டு டிஸ்க்தான் சுணங்குகிறது. அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க் போடலாம்.

எங்கள் கம்ப்யூட்டரில் மெமரி 93 என்று காட்டியது. டிஸ்க் 100-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. "பார்த்தீங்களா, இடமில்லாம டிஸ்க்கைப் போட்டுப் படுத்துது" என்றார் தம்பி.

அதே மெமரிப் பக்கத்தில் இன்னும் இரண்டு விவரம் இருக்கும். ஒன்று, ஸ்லாட்ஸ் யூஸ்டு. மெமரி செருகும் இடங்களில் எத்தனை பயன்படுகிறது என்பது அது. எங்களுக்கு 2-இல் 1 என்று வந்தது. ஒரு இடம் காலியாகவே ஆறு வருஷமாக இருந்திருக்கிறது! இரண்டாவது, ஸ்பீடு. எங்களுக்கு 2400 என்று வந்தது. இரண்டையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டோம்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற பக்கத்தில் 32 பிட் அல்லது 64 பிட் என்று போட்டிருக்கும். சாதாரண 32 பிட் விண்டோஸ் என்றால் அது 4 ஜிபி-க்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அதற்கு மேல் எவ்வளவு மெமரி வாங்கிப் போட்டாலும் வீண். முதலில் விண்டோஸை 64 பிட்டாக மாற்ற வேண்டும். எங்களுடையது 64 பிட்.

எந்த மெமரி பொருந்தும்?

மெமரி பார்ப்பதற்கு ஒரு நீளமான பச்சைப் பட்டை மாதிரி இருக்கும். அடியில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். எல்லாப் பட்டையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேராது. தையல் மெஷினுக்கு ஊசி நம்பர் பார்த்து வாங்குவது போலத்தான்.

தலைமுறை: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகள் உண்டு. டிடிஆர்3 பழையது. டிடிஆர்4 கடைக்கு வந்தது 2014-இல். டிடிஆர்5 அதற்குப் பிறகு வந்தது. பட்டையின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். தவறான வகையைச் செருகிவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் வேண்டிய மின் அழுத்தமும் வேறு.

அடையாளம்: ஏற்கெனவே உள்ள பட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளில் பிசி3 என்று இருந்தால் டிடிஆர்3, பிசி4 என்று இருந்தால் டிடிஆர்4, பிசி5 என்று இருந்தால் டிடிஆர்5.

அளவு: டெஸ்க்டாப் மெமரி சுமார் 13 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். லேப்டாப் மெமரி அதில் பாதிதான். சில சின்ன டெஸ்க்டாப்களில் லேப்டாப் வகையே இருக்கும். அதனால் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வேகம்: வேறு வேறு வேகம் உள்ள இரண்டு பட்டை போட்டால், இரண்டும் குறைந்த வேகத்துக்குத்தான் ஓடும். காளையும் கன்றும் ஒரே நுகத்தில் பூட்டின மாதிரி. அதனால் ஏற்கெனவே உள்ள வேகத்துக்கே வாங்குவது நல்லது.

ஜோடி: பெரும்பாலான டெஸ்க்டாப்களில் ஒரே அளவுள்ள இரண்டு பட்டை போட்டால் பிராசசர் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். இரண்டு கையாலும் களை எடுப்பது போல வேலை சுறுசுறுப்பாகும். இதற்கு டூயல் சேனல் என்று பெயர். எங்களிடம் ஒரு 4 ஜிபி இருந்ததால் இன்னொரு 4 ஜிபி வாங்க முடிவு செய்தோம்.

கடையில் நடந்தது

துண்டுச்சீட்டோடு செயலாளர் அக்காவும் கணக்காளர் தங்கச்சியும் டவுனுக்குப் போனார்கள். மூன்று கடையில் விலை கேட்டு, 1,150 ரூபாய்க்கு ஒரு பட்டை வாங்கி வந்தார்கள். அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் அடி வெட்டு பொருந்தவில்லை. "கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்று ஒருவர் சொன்னார். நல்லவேளை, அழுத்தவில்லை. லேபிளைப் பார்த்தால் பிசி3! கடைக்காரர் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார். பில்லில் டிடிஆர்4 என்று எழுதி வாங்கியிருந்ததால் மறுநாளே பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

அதனால் மூன்று விஷயம் மறக்காதீங்க. பில்லில் வகை, அளவு, வேகம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். கடையிலேயே பழைய பட்டையையும் புதிய பட்டையையும் பக்கத்தில் வைத்து வெட்டு ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் சொல்வது 2024 விலை. 2025 கடைசி மாதங்களில் உலகம் முழுக்க மெமரி விலை நன்றாக ஏறிவிட்டது. எனவே எங்கள் விலையை நம்பி பட்ஜெட் போடாமல், இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து எழுதுங்கள்.

பொருத்துவது எப்படி?

கம்ப்யூட்டர் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள், கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். உத்தரவாதம் முடிந்திருந்தால் கீழ்க்கண்டபடி செய்யலாம்.

1. முதலில் எல்லாக் கணக்குகளையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

2. கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள். யுபிஎஸ்ஸை அணையுங்கள். பின்பக்கம் உள்ள கரண்ட் வயரையும் மற்ற வயர்களையும் கழற்றுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டச் சுலபம்.

3. வயரைக் கழற்றிய பிறகு, ஆன் செய்யும் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் கரண்ட் போய்விடும்.

4. வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். நைலான், பாலியஸ்டர் புடவையை விடப் பருத்தி நல்லது. துணி உரசும்போது உடம்பில் ஏறுகிற சின்ன மின்சாரம் மெமரியைக் கெடுத்துவிடும். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதனால் பட்டையைத் தொடும் முன் கம்ப்யூட்டர் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தை ஒருமுறை தொடுங்கள்.

5. மர மேஜை மேல் வைத்து, பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பக்கத்து மூடியைத் திறங்கள். தூசியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். உள்ளே கரண்ட் வருகிற மூடிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கலாம்.

6. பிராசசர் மேல் ஒரு காற்றாடி இருக்கும். அதன் பக்கத்திலேயே மெமரி செருகும் நீளமான இடங்கள் தெரியும். காலி இடத்தின் முனையில் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளித் திறங்கள். நான்கு இடம் இருந்தால், எந்த இரண்டில் ஜோடி போட வேண்டும் என்று மதர்போர்டு கையேட்டில் போட்டிருக்கும். பெரும்பாலும் ஒன்று விட்டு ஒன்று வரும்.

7. புதிய பட்டையை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தங்கப் பல்லில் விரல் படக்கூடாது. அடி வெட்டும் உள்ளே உள்ள மேடும் நேராக வருகிறதா என்று பாருங்கள். நேராக வந்தால், இரண்டு முனையிலும் இரண்டு கட்டை விரலை வைத்து ஒரே சீராக அழுத்துங்கள். "டக்" என்று சத்தம் கேட்டு கிளிப் தானாக மூடும். வெட்டு நேராக வராவிட்டால் அழுத்தவே கூடாது.

8. மூடியைப் போட்டு, போட்டோவைப் பார்த்து வயர்களை மாட்டி ஆன் செய்யுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் அந்தப் பட்டையை அழுத்தியது செயலாளர் அக்கா. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "டக்"கென்று சத்தம் வந்ததும் "அட, குக்கர் மூடி போடுற மாதிரிதான இருக்கு!" என்றார். சுற்றி நின்ற எங்களுக்கெல்லாம் பயம் போய்விட்டது.

திரை வராவிட்டால்?

ஆன் செய்ததும் பீப் பீப் என்று சத்தம் மட்டும் வந்து திரை வராவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் பட்டை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மறுபடி அணைத்து, வயரைக் கழற்றி, பட்டையை எடுத்துத் திரும்பச் செருகுங்கள். அப்போதும் வராவிட்டால் பழைய பட்டையை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். எதில் கோளாறு என்று தெரிந்துவிடும். பெட்டி புதிய வகையாக, டிடிஆர்5 ஆக இருந்தால், முதல் தடவை திரை வரச் சில நிமிஷம்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

போட்ட பிறகு செய்ய வேண்டியவை

மெமரியைப் பொதுவாகக் கம்ப்யூட்டர் தானாகவே கண்டுகொள்ளும். தனியாக எதையும் ஏற்ற வேண்டாம். ஆனால் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

டாஸ்க் மேனேஜரை மறுபடி திறந்து பாருங்கள். எங்களுக்கு 8 ஜிபி என்றும், ஸ்லாட் 2-இல் 2 என்றும் வந்தது. 8-இல் கொஞ்சம் குறைவாகத்தான் பயன்படும் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தனிப் படக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், திரையில் படம் காட்டுவதற்காக மெமரியில் இருந்தே ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஒரேயடியாகப் பாதி குறைந்தால்தான் தப்பு.

ஸ்டார்ட் பட்டன் பக்கம் தேடும் இடத்தில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் ஒரு சோதனை இருக்கும். அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப வந்து, மெமரியில் பழுது உண்டா என்று பார்த்துச் சொல்லும். இதை வாங்கின வாரத்திலேயே செய்துவிடுங்கள், பழுது என்றால் மாற்றிவிடலாம்.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்று ஒரு இடம் உண்டு. ஆன் செய்ததும் தானாக ஓடும் வேலைகள் அதில் இருக்கும். தேவையில்லாததை நிறுத்தி வைக்கலாம். வைரஸ் தடுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வர்ச்சுவல் மெமரி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மெமரி நிரம்பினால் டிஸ்கில் இடம் எடுத்துக்கொள்வது அதுதான். அதை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது நல்லது. யாராவது சொன்னார்கள் என்று அதை நிறுத்தினால், மெமரி நிரம்பும்போது திறந்திருக்கும் வேலை மூடிப்போகும்.

எங்களுக்கு என்ன பலன்?

உண்மையைச் சொல்கிறோம். ஆன் ஆகி வருகிற நேரம் கொஞ்சம்தான் குறைந்தது. அதற்குக் காரணம் பழைய ஹார்டு டிஸ்க். ஆனால் எல்லாவற்றையும் திறந்து வைத்தாலும் மெமரி 55-ஐத் தாண்டவில்லை. தவணை ஏற்றும்போது திரை உறைவது நின்றுவிட்டது. 38,000 ரூபாய் என்றது 1,150 ரூபாயில் முடிந்தது. மிச்சம் 36,850 ரூபாய் கூட்டமைப்பில் இருந்தது.

மெமரியால் தீராததும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. அதனால் வங்கிப் பக்கத்தை இதில் திறப்பதை நிறுத்திவிட்டோம். புதியது வாங்க மாதாமாதம் தனியாக ஒதுக்கி வருகிறோம். அப்படி வாங்கும்போது 8 ஜிபி-க்குக் குறையாமலும், ஒரு ஸ்லாட்டாவது காலியாகவும் இருக்க வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொரு முக்கியமான விஷயம். எவ்வளவு பெரிய ஜமுக்காளம் விரித்தாலும், கரண்ட் போனால் அதில் இருந்தது போய்விடும். பெட்டிக்குள் வைத்தால்தான் பத்திரம். கன்ட்ரோல், எஸ் என்ற இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குவதுதான் பெட்டிக்குள் வைப்பது. எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு தடவை அதை அமுக்குகிறார்கள். மாலையில் ரசீதுப் புத்தகத்தின் மொத்தமும் கம்ப்யூட்டரின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்த மாட்டுக் கடன் அக்காவின் விஷயத்துக்கு வருவோம். அடுத்த கூட்டத்தில் அதே முப்பது பேர் முன்னால், "தவணை சரியாகக் கட்டப்பட்டது, தவறு அலுவலகத்துடையது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்தோம். அவர் எதுவும் பேசவில்லை. அன்றைக்குக் கட்ட வேண்டிய தவணையைக் கட்டினார். தங்கச்சி ஏற்றி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, "அந்த ரெண்டு பட்டனை அமுக்கிட்டியா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்க

1. நம் கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் மெமரி எத்தனை ஜிபி? ஸ்லாட் காலியாக இருக்கிறதா?

2. கடைசியாகக் கணக்கை நகல் எடுத்தது எந்தத் தேதியில்? அந்த நகல் யாரிடம் இருக்கிறது?

3. உங்கள் தவணை ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

4. பெரிய தொகைக்குப் பொருள் வாங்கும் முன், நாமே அளந்து பார்த்த பிறகுதான் தீர்மானம் என்று ஒரு விதி வைக்கலாமா?

பேசி முடித்ததை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள் சகோதரிகளே.